சந்தாவா? இலவசமா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோருக்கு 14 கிலோமீட்டர் தூரமும் அன்னதானத்துக்குக் குறைவில்லை. பொங்கலும் மோரும் வாங்கி உண்டவனை அடுத்த லிங்கத்தின் சந்நிதியில் வழிமறித்து, உண்டதற்கு விலை கேட்பார் எவருமில்லை. இலவசம் என்றால் அதுவே இலவசம். அதே பாதையோரத் திண்ணைகளில் கைத்தொலைபேசியும் கையுமாக அமர்ந்து, இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் யுத்த விளையாட்டில் மூழ்கியிருக்கும் சிறுவர்களையும் காண்கிறோம். அவ்விளையாட்டும் இலவசம் என்றே சொல்லப்படுகிறது. அந்த இலவசம் எத்தகையது என்பதைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

இத்தகைய விளையாட்டுகளை நடத்தும் கம்பெனிகள் பொருளீட்ட இரு வழிகள் உண்டு. ஒன்று சந்தா. 1997-இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைனும், 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டும் இம்முறையில் தொடங்கியவை. பின்னதற்கு அமெரிக்காவில் மாதம் ஏறக்குறைய 15 டாலர். மற்றொரு வழி, வாசலில் காசு வாங்காமல் உள்ளே கடை விரிப்பது. முதல் வழியில் புறப்பட்ட பலர் இரண்டாவதற்குத் திரும்பினர். ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் என்னும் விளையாட்டு 2011 டிசம்பரில் சந்தாவோடு தொடங்கி, ஓராண்டு நிறையுமுன்பே, 2012 நவம்பரில், இலவச வாசலைத் திறந்துவிட்டது. 2017-இல் கணினிக்கென விலைக்கு விற்கப்பட்ட பப்ஜியும் 2022 ஜனவரியில் இலவசமாயிற்று. நம் நாட்டுச் சிறுவர் அறிந்ததோ 2018-இல் கைத்தொலைபேசிக்கு வந்த பப்ஜி. அது பிறந்தபோதே இலவசம்.

சந்தா முறை நம் தேசத்தில் வேரூன்றாததற்குக் காரணம் வெளிப்படை. 15 டாலர் என்பது ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை. கூலிக்காரன் மகன் மாதந்தோறும் அதைக் கொடுப்பதெங்ஙனம்? 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இணையத்தையே சில மாதங்கள் இலவசமாக வழங்கியபின், கிராமத்துச் சிறுவனும் நகரத்துச் சிறுவனும் ஒரே களத்தில் இறங்க முடிந்தது. இந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதற்கு முந்திய தலைமுறை பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடிற்று என்பதையும் நினைவூட்டுகிறோம். கொடுத்த காசு தெரியும். மணி முடிந்தால் கடைக்காரரே எழுப்பி அனுப்பிவிடுவார். அந்த எழுப்புதலும் ஒரு நன்மையே.

இன்றைய இலவச விளையாட்டில் எழுப்புவாரில்லை. பட்டாளத்தானின் உடுப்பும் துப்பாக்கியின் வர்ணமும் விலைக்குரியவை. அவ்விலையோ ரூபாயில் சொல்லப்படுவதில்லை. முதலில் ரூபாய் கொடுத்து யு.சி. போன்ற விளையாட்டு நாணயம் வாங்க வேண்டும்; பின் அந்நாணயத்தைக் கொடுத்துப் பெட்டி திறக்க வேண்டும்; பெட்டிக்குள் விரும்பியது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இத்தனை திரைகளுக்கு அப்பால் தன் தகப்பனாரின் பணம் நிற்பது சிறுவன் கண்ணுக்குப் புலப்படுமா? தேரடி வீதியில் பூ விற்கும் ஒருவரின் யு.பி.ஐ. கணக்கு அவன் ஆடும் அதே தொலைபேசியில்தான் இருக்கிறது; அதன் இரகசிய எண்ணையும் அவன் அறிவான்.

சந்தா முறையில் ஆடுவோர் அனைவரும் சிறிது கொடுக்கின்றனர். இலவச முறையிலோ பெரும்பாலோர் ஒன்றும் கொடுப்பதில்லை. தம்மை அடக்க மாட்டாத சிலரே பெருந்தொகை கொடுக்கின்றனர். ஆதலால் அச்சிலரை மேலும் அடங்காதவராக்குவதில் கம்பெனிக்கு லாபம் இருக்கிறது. கொடுப்பவனுக்கு வலிமையும் சேர்த்து விற்கும் விளையாட்டுகள் வேறு. கோவிலில் கட்டண தரிசன வரிசை முந்திச் செல்வதைப் பார்த்துக்கொண்டு தர்ம தரிசன வரிசையில் நிற்பவன் நிலைதான் அங்கே ஏழைச் சிறுவனுக்கு. கோவிலிலாவது இருவரும் இறுதியில் ஒரே அண்ணாமலையாரைத் தரிசிக்கின்றனர்.

இவை வெறும் ஊகமல்ல. ஃபோர்ட்நைட் என்னும் இலவச விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி, குழப்பமான பொத்தான்களால் வேண்டாத கட்டணங்களைச் சுமத்தியது என்ற குற்றச்சாட்டின்பேரில் 24.5 கோடி டாலரும், சிறுவரின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டியது என்பதற்காக 27.5 கோடி டாலரும் கொடுக்க 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் இசைந்தது. இங்கே 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டு, 2021-இல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் மறுபிறவி எடுத்தபோது, 18 வயது நிரம்பாதவர் நாளொன்றுக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவிடக்கூடாது என்று வரம்பு வகுக்கப்பட்டது. நாளொன்றுக்கு! மாதம் முழுதும் உழைத்தும் அத்தொகையை எட்டாத குடும்பங்கள் எத்தனை!

சட்டம் என்ன சொல்லுகிறது? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-இல் சட்டமியற்றிற்று. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு தேசம் முழுவதற்கும் இயற்றிற்று. பின்னது ஒரு நல்ல காரியமும் செய்தது. பந்தயப் பணமாக இராத சந்தாவையும் ஒருமுறை நுழைவுக் கட்டணத்தையும் பொழுதுபோக்கு விளையாட்டுகள் வாங்கலாம் என்று தெளிவாக அனுமதித்தது. ஆனால் பெட்டி வியாபாரத்தை அது பெயர் குறித்துச் சொல்லவில்லை. காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு விரோதமானவை என்று பெல்ஜியம் 2018-இல் முடிவு செய்தது. எப்பொருள் எத்தனை தடவைக்கு ஒரு தடவை கிடைக்கும் என்பதை வெளியிட வேண்டும் என்று சீனா 2017-லேயே விதித்தது.

சந்தா என்பது தினசரி வாசிப்போருக்குப் புதிய சொல் அன்று. பத்திரிகையைச் சும்மா கொடுப்பவன் வேறெங்கோ கூலி வாங்குகிறான் என்பதை நம் வாசகர் நன்கறிவர். விளையாட்டுக் கம்பெனிகளும் நம் மக்களின் வருமானத்துக்கேற்ற சிறு சந்தாவை ரூபாயில் குறித்து, அதற்குமேல் ஒன்றும் விற்காதிருப்பதே நேரிய வழி என்பது நமது துணிந்த அபிப்பிராயம். இலவசமாகவே நடத்துவோம் என்பாராயின், விளையாட்டு நாணயத்தின் பக்கத்திலேயே ரூபாய் விலையை எழுதட்டும். பெட்டியின் நிகழ்தகவை வெளியிடட்டும். மைனரிடம் வாங்கிய பணத்தைப் பெற்றோர் கேட்டால், வழக்கின்றித் திருப்பித் தரட்டும். மத்திய சர்க்கார் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி இம்மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்றிருக்கும் பார்லிமெண்டு அங்கத்தினர்கள், கட்சி பேதமின்றி, அடுத்த கூட்டத்திலேயே இதைக் கிளப்புவார்களா?