நண்பகலுக்கு ஒரு கேமரா

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பயணம் புறப்படும் நண்பர்கள் நம்மிடம் வழக்கமாக வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: சட்டைப்பைக்குள் அடங்கும் கேமரா ஒன்று வாங்கவேண்டும், எதை வாங்கலாம்? தமிழ் கற்பிப்போரிடம் கேட்கத்தக்க கேள்விதானா இது எனச் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் கோயிலும் கல்வெட்டும் ஏரியும் பார்க்கப் புறப்படுவோரில் பலர் நம் இலக்கிய வட்டத்தைச் சேர்ந்தவர்களே. அவர்கள் எடுத்துவரும் படங்கள்தாம் பிறகு நம் கட்டுரைகளிலும் வகுப்பறைகளிலும் சான்றுகளாக நிற்கின்றன. ஆகவே இக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கேமராக் கடைகளும் விளம்பரங்களும் இன்று விற்பது இருட்டைத்தான். இரவிலும் பளிச்சென்ற படம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் உருவப்படம், எஃப் 1.8 லென்ஸ் என்றெல்லாம் சொல்லப்படும் பெருமைகள் அனைத்தும் ஒளி குறைந்த இடத்துக்கு உரியவை. ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் மண்ணில் வாழும் நாமும் அந்த இருட்டுக்கே விலை கொடுத்துவிட்டு வருகிறோம். வெயிலுக்கு என்ன வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பாலைக்குச் சிறுபொழுதாக நண்பகலையும் பெரும்பொழுதாக வேனிலையும் வகுத்துத் தந்த தொல்காப்பியத்தைப் பாடமாக நடத்தும் நமக்கு, நண்பகல் என்பது தனியே கவனிக்கவேண்டிய பொழுது என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒளியின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். உச்சி வெயில் விழும் தரையில் ஒளியின் செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். விளக்கெரியும் வீட்டுக் கூடத்தில் அது நூறு, இருநூறு லக்ஸ் மட்டுமே. பிலிம் காலத்துப் படக்கலைஞர்கள் வெயிலுக்கென்று ஓர் எளிய விதியை மனப்பாடமாக வைத்திருந்தனர்: ஐ.எஸ்.ஓ. 100 ஆனால், துளையை எஃப் 16-இல் வைத்து, ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்குக்குத் திறந்தால் போதும். அதே வெயிலில் எஃப் 5.6 வைத்தால் ஷட்டர் 1/800 ஆகும். எஃப் 1.8 வைத்தால் ஏறத்தாழ 1/8000 ஆகிவிடும். பல கையடக்கக் கேமராக்களின் இயந்திர ஷட்டர் 1/2000-த்தோடு நின்றுவிடுவதால், விலை கொடுத்து வாங்கிய அந்த அகன்ற துளையை நண்பகலில் முழுதாகத் திறக்கவே முடியாது. ஒளியைக் குறைக்கும் வடிகட்டி ஒன்றைத் தனியே மாட்டவேண்டியிருக்கும். மறுபுறம், துளையை மிகவும் சுருக்கினால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் மழுங்கும். சிறிய சென்சாரில் இந்த மழுக்கம் விரைவிலேயே தொடங்கிவிடுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளியது. வெயிலில் குறுகிய துளையுள்ள லென்ஸே போதும். எனவே அகன்ற துளைக்குக் கொடுக்கும் பணத்தை ஜூமுக்கும் வியூஃபைண்டருக்கும் கொடுப்பதே அறிவுடைமை. கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானம் 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அதன் மேல்தளச் சிற்பங்களைத் தரையிலிருந்து பார்க்க ஜூம் இன்றியமையாதது. கருவறையின் இருளைப் படமெடுப்பது எப்படியும் நம் வேலையன்று. தொல்லியல் துறையின் பராமரிப்பிலுள்ள இடமாதலால் முக்காலி வைக்கவும் முன் அனுமதி வேண்டும். கையில் பிடித்து, வெளியே நின்று எடுப்பதே அங்கு நமக்கு வாய்க்கும் முறை. கரைவெட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரியில் வரித்தலை வாத்துகள் வெகுதொலைவில் இருக்கும். சட்டைப்பைக் கேமரா எதுவும் அவற்றை எட்டாது. அங்கே இருநோக்கி ஒன்றைக் கொண்டுபோய்க் கண்ணாரக் கண்டு திரும்புவதே நன்று.

வியூஃபைண்டரை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. காரைப் பகுதியின் வெளிறிய ஓடைச் சரிவுகளில் நண்பகலில் நின்றால் வானத்திலிருந்து மட்டுமன்றித் தரையிலிருந்தும் ஒளி எழும்பி வரும். அவ்வேளையில் கேமராவின் முதுகிலுள்ள திரையில் நம் முகந்தான் தெரியும், படம் தெரியாது. எங்கோ ஓரிடத்தைக் குறிவைத்துச் சொடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து பார்க்கும் நிலை ஏற்படும். கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கும் சிறு கண்துளை இந்தச் சிக்கலை முற்றாகத் தீர்த்துவிடுகிறது. கேமரா நெற்றியில் ஊன்றி நிற்பதால் கை நடுக்கமும் குறைகிறது.

கருவியை வாங்கியபின் பொழுதையும் அறிந்திருக்கவேண்டும். நண்பகல் வெயில் படத்துக்கு ஆகாது என்று நூல்கள் பொதுவாகக் கூறும். அது குளிர்நாட்டார் வகுத்த பாதி உண்மை. இம்மாவட்டங்கள் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் உள்ளன. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு ஆகஸ்டு மூன்றாம், நான்காம் வாரம் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கும். அம்மாதங்களில் கோயிலின் வடபுறச் சுவரை உச்சி வெயில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்குகிறது. ஆழமற்ற எழுத்துகளும் அப்போது தம் நிழலால் எழுந்து நிற்கும். கல்வெட்டு வாசிக்க அதைவிட நல்ல வெளிச்சம் அரிது. மாடங்களுக்குள் நிற்கும் சிற்பங்களின் முகத்தில் மட்டும் அதே வெயில் கருநிழலைப் பூசிவிடும். செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை வடசுவரில் நேர்வெயில் படுவதே இல்லை. சிற்பங்களுக்கு அந்த மென்னிழல் உகந்தது.

சாத்தனூருக்குச் சென்றால் இக்கணக்கு தலைகீழாகும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகுக்கு அறிவித்த அந்தக் கல்மரம், 18 மீட்டர் நீளத்துக்குத் தரையில் படுத்துக் கிடக்கிறது. 12 கோடி ஆண்டு பழமை வாய்ந்ததாகக் கூறப்படும் அதன் மேனியை உச்சி வெயில் தட்டையாக்கிவிடும். காலையிலோ மாலையிலோ சாய்ந்து வரும் ஒளியில்தான் மரத்தின் வரிகள் தெரியும். நின்ற சுவருக்கு நண்பகல், கிடந்த மரத்துக்குக் காலை. இந்த வேறுபாட்டை எந்தக் கேமராவின் விளக்கப் புத்தகமும் சொல்லித்தராது.

ஒளியோடு மல்லுக்கட்டுவது புதியதன்று. 1857, 1858-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாண அரசின் படக்கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். அக்காலத்து நெகட்டிவில் நீலவானம் வெறும் வெள்ளையாக வெளுத்துப்போகும். ஆகவே அவர் தம் நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். இன்று நம் கையிலுள்ள சென்சாரும் விமானத்துக்குப் பின்னாலுள்ள வானத்தை எளிதில் வெளுக்கச் செய்துவிடும். அப்படி வெளுத்துப்போன இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. சற்றே இருட்டாக எடுத்த படத்தின் நிழற்பகுதியைப் பின்னர் வெளிச்சமாக்கிக்கொள்ள முடியும். இதற்குத்தான் எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும் திருகி கட்டைவிரலுக்கு எட்டவேண்டும் என்றும், ரா கோப்பு தரும் கேமராவாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறோம்.

கல்லைவிட முதன்மையானது முகம். கேமராவின் ஒளிமானி காணும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதிக் கணக்கிடுகிறது. வெள்ளை வேட்டியும் தலைத்துண்டும் அணிந்த ஒரு மக்காச்சோள விவசாயியைச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் நிற்கவைத்து எடுத்தால், வெண்மையைக் கண்டு மிரண்டு படத்தை இருட்டாக்கிவிடும். வேட்டி அழகாகப் பதியும், முகம் கரிக்கட்டையாகிவிடும். நம் மக்களின் நிறத்தை ஒரு குறையாகவே கருவிகள் நடத்திவந்த வரலாறு நெடியது. கோடாக் நிறுவனம் பல்லாண்டுகளாக அச்சின் வண்ணச் சமநிலைக்கு வெள்ளையினப் பெண்ணின் படமுள்ள அட்டையையே அளவுகோலாக அனுப்பிவந்தது. கூகுள் 2021-இல் தன் பிக்சல் 6 கைபேசியில் கறுத்த மேனிகளைச் செம்மையாகப் பதிவதற்கென்று தனி ஏற்பாடு செய்தது. அதுவரை அது முறையாகச் செய்யப்படவில்லை என்பதற்கு இதுவே சான்று. இன்றும் பல கைபேசிகள் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கித் தருகின்றன. கரியாக்குவதும் வெள்ளையடிப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்களே. அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்து, திறந்த வானத்தை நோக்கி நிற்கச்செய்து, எக்ஸ்போஷரைச் சிறிது கூட்டினால் அவர் நிறத்திலேயே அவர் இருப்பார்.

கைபேசி போதாதா என்று கேட்போருக்கு நேர்மையான விடை: பெரும்பாலும் போதும். நல்ல வெளிச்சம்தான் கைபேசியின் வலிமை. அதன் திரையும் பழைய கேமராத் திரைகளைவிட ஒளி மிக்கது. 2010-இல் உலகெங்கும் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2020-இல் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கியது காரணமின்றி நிகழ்ந்ததன்று. ஆனால் கைபேசி பல படங்களைக் கலந்து, நிழலை நிரப்பி, விளிம்பைக் கூர்மையாக்கித் தருவது ஒரு விளக்கவுரை. மூலபாடம் அன்று. கல்வெட்டில் ஓர் எழுத்து தேய்ந்திருக்கிறதா, இல்லை என்று கருவி தானே கூர்மையாக்கிக் காட்டுகிறதா என்று ஐயுறும் இடத்தில் நமக்கு மூலமே வேண்டும். பாடபேதம் பார்த்துப் பழகிய நம்மவருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

பெயர் சொல்லியே ஆகவேண்டுமென்றால், ஓர் அங்குல வகைச் சென்சாரும் கண்துளையும் ஜூமும் சேர்ந்த கேமராக்களே நம் பரிந்துரை. பெயரில் அங்குலம் இருந்தாலும் அச்சென்சாரின் அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான். ஆயினும் மலிவான கேமராச் சென்சாரைப் போல நான்கு மடங்குப் பரப்பு அதற்குண்டு. 2016-இல் வந்த பானசோனிக் டி.இசட். 100, 2018, 2019-இல் வந்த சோனி ஆர்.எக்ஸ். 100 வரிசையின் ஆறாம் ஏழாம் கேமராக்கள் இவ்வகையின. பயன்படுத்தியதாகக் கிடைத்தாலும் தயங்கவேண்டாம். ரிக்கோ ஜி.ஆர். 3 அருமையான கருவியே. ஆனால் அதில் கண்துளையும் இல்லை, ஜூமும் இல்லை. வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸ் காற்றோடு தூசியையும் இழுக்கும். சிமெண்ட் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் உறையிலிட்டே எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலான கேமராக்கள் 40 பாகை வெப்பம் வரைக்குமே உத்தரவாதம் பெற்றவை. மே மாதத்தில் அவற்றைப் பூட்டிய காருக்குள் விட்டுவைக்காதீர்கள்.

இவ்வளவும் எதற்காக? சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் தோண்டுகிற அதே அடுக்குகளில்தான் கடல்வாழ் தொல்லுயிர்களின் எச்சங்களும் புதைந்துள்ளன. இன்று சரிவில் கிடக்கும் ஓர் அம்மோனைட்டு அடுத்த ஆண்டு அங்கே இருக்குமென்பதற்கு உறுதியில்லை. அதைப் பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது தகாத செயல். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, இடத்தையும் நாளையும் குறித்து, வெளுக்காமல் ஒரு படம் எடுத்துவருவது நம்மால் ஆகக்கூடியது. அந்தப் படம் தெளிவாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் கேமராவைப் பற்றி இத்தனை சொற்களைச் செலவிட்டோம். நண்பர்கள் தம் கருத்தையும் எழுதுக.