50 கிலோவில் நின்றுபோகும் தராசு

எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு எலெக்ட்ரானிக் தராசு பழகிப்போன ப்ராஜெக்ட். ஒரு லோட் செல், ஒரு எல்எம்324, ஒரு மைக்ரோகண்ட்ரோலர். மேஜை மேல் 5 கிலோ எடைக்கல்லை வைத்தால் டிஸ்ப்ளேயில் 5 வரும். கைதட்டல், கையெழுத்து, மதிப்பெண். அவ்வளவுதான்!

அதே தராசை ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால்? 60 கிலோ மூட்டைக்கும் 50 காட்டலாம், 80 கிலோ மூட்டைக்கும் 50 காட்டலாம். உடனே லோட் செல் மேல் பழி விழும். தப்பு அதில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ லோட் செல், வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் வகை. 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு 10 மில்லிவோல்ட். "வெறும் 10 மில்லிவோல்ட்தானே, இதற்கென்ன வரம்பு?" என்பதுதான் முதல் ஏமாற்றம். திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியில் நிற்கும் இரண்டு பேருக்கு உயர வித்தியாசம் அரை அடி என்பதால் அவர்கள் தரையில் நிற்கிறார்கள் என்று ஆகிவிடுமா? அந்த இரண்டு கம்பிகளும் நிற்பது 2.5 வோல்ட் உயரத்தில்.

மூன்று ஆப்-ஆம்ப் இன்ஸ்ட்ருமென்டேஷன் பெருக்கியில், முதல் கட்டத்திலேயே கெயின் 400 வைத்தால், முழு எடையில் ஒரு ஆப்-ஆம்ப் 4.5 வோல்ட்டுக்கும் இன்னொன்று 0.5 வோல்ட்டுக்கும் போக வேண்டும். 5 வோல்ட் சப்ளையில் எல்எம்324 மேலே எட்டுவது ஏறக்குறைய 3.5 தான். சரியாக 50 கிலோவில் அது முட்டி நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை மூட்டை ஏற்றினாலும் அசையாது. உள்ளே நடக்கும் இந்த முட்டல் வெளியே தெரியாது. புகை வராது, சிப் சூடாகாது. பொய் மட்டும் தெளிவாக டிஸ்ப்ளேயில் ஒளிரும்.

லோட் செல்லுக்கு மட்டும் 10 வோல்ட் கொடுத்தால் இன்னும் மோசம். இரண்டு கம்பிகளும் 5 வோல்ட்டில் நிற்கும், எல்எம்324 உள்வாங்கும் 3.5 வரம்புக்கு வெளியே. முதல் கட்ட வெளியீடுகள் இரண்டும் ஒரே உச்சத்தில் ஒட்டிக்கொண்டால், கழித்து வருவது பூஜ்யம்.

"சி.எம்.ஆர்.ஆர். அதிகம், அதெல்லாம் தள்ளிவிடும்" என்பார்கள். அந்தத் தள்ளுபடி வரம்புக்குள் மட்டுமே. "டேட்டாஷீட்டில் அதிகபட்சம் 32 வோல்ட் என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். அது சிப் சாகாமல் இருப்பதற்கான எல்லை. சாகாமல் இருப்பதும் சரியாக வேலை செய்வதும் ஒன்றா?

தீர்வு பெரிய வித்தை இல்லை. முதல் கட்டக் கெயினை 200-க்குள் அடக்கலாம். அல்லது பெருக்கிக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்து, வெளியீடு ஏடிசி தாங்கும் அளவைத் தாண்டாமல் ஒரு தடுப்பு போடலாம். எதைச் செய்தாலும் முழு எடையையும் ஏற்றிப் பார்த்த பிறகே "வேலை செய்கிறது" என்று எழுத வேண்டும்.

வியாபாரத் தராசுக்கு முத்திரை கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. ப்ராஜெக்ட் தராசுக்கு அது கிடையாது. ஆனால் லேபில் 5 கிலோவோடு திருப்திப்படும் பழக்கம் டிகிரியோடு சேர்ந்தே வெளியே போகிறது. 60 கிலோ கொண்டுவந்து 50 கிலோவுக்குக் காசு வாங்கிப் போகும் விவசாயியிடம் கெயின் சூத்திரத்தை ஒப்பித்து என்ன பயன்?