மந்திரம் போட்டாச்சு... அறுக்க ஆள் எங்கே?

பஞ்சத்தில் வாடும் ஒரு கிராமம். ஊர்ப் பெரியவர் கைகூப்பி நிற்கிறார். "இவ்வளவுதானா? எட்டு மணி நேரம் கொடுங்க" என்கிறார், ஆட்டத்தில் ட்ரூயிட்டாக இருப்பவர். ட்ரூயிட் என்றால் காட்டையும் செடிகொடியையும் காக்கும் மந்திரவாதி. மந்திரம் பலிக்கிறது. குழு அடுத்த டிராகனைத் தேடிக் கிளம்பிவிடுகிறது.

1974-ல் அறிமுகமாகி இன்றும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை பேசி ஆடப்படும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் விவசாயம் பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தோடு முடிந்துவிடும். பாவம், நல்ல கதை ஒன்று அங்கேயே கிடந்து போகிறது.

அந்த மந்திரத்தின் பெயர் 'பிளான்ட் க்ரோத்'. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, எட்டு மணி நேரம் செலவிட்டு இதைச் செய்தால், அரை மைல் ஆரத்துக்குள் இருக்கும் பயிர்கள் ஒரு வருடத்துக்கு இரண்டு மடங்கு விளையும். கணக்குப் போட்டால் சுமார் 500 ஏக்கர்! தினம் ஓர் இடம் என்று நடந்தால், மாதத்துக்கு 15,000 ஏக்கர். (ஒரே வயலுக்குத் திரும்பத் திரும்பப் போட்டு நாலு மடங்கு, எட்டு மடங்கு ஆக்கலாமே என்று யோசித்த கில்லாடிகளும் உண்டு. வருடத்துக்கு ஒரு முறைதான் பலிக்கும் என்று 2024 பதிப்பு பளிச்சென்று சொல்லிவிட்டது.)

ஆனால், மந்திரத்தின் வேலை கதிர் முற்றுவதோடு சரி. அறுப்பது, கட்டுவது, அடிப்பது, தூற்றுவது எல்லாம் ஆட்கள்தான்.

இங்கே விதிப்புத்தகத்தின் விலைப்பட்டியலைப் புரட்ட வேண்டும். ஒரு பவுண்டு கோதுமை ஒரு செப்புக்காசு. சாதாரணக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு வெள்ளிக்காசு, அதாவது 20 செப்புக்காசு. ஆக, ஓர் ஆள்கூலி 20 பவுண்டு கோதுமை.

விளைச்சல் இரட்டித்தால் ஆளும் இரட்டிக்க வேண்டும். ஊரெல்லாம் கோதுமை குவிந்து, விலை பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு பத்து ஆள்கூலிக்கு 200 பவுண்டு விற்ற விவசாயி, இப்போது இருபது ஆள்கூலிக்கு 800 பவுண்டு விற்கிறார். மொத்த மகசூலையும் விற்றால் வருவதோ பழைய காசேதான். வயிறு நிறையும், சரி. கூலிக்குக் கடன் வாங்கினால்தான் உண்டு.

பக்கத்து ஊர்க்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் வயலில் மந்திரம் படவில்லை. விளைச்சல் அதேதான், விலை மட்டும் பாதி. அடுத்த வருடம் ட்ரூயிட்டைத் தேடி அரிவாளோடு வருபவர்கள் அங்கிருந்துதான் வருவார்கள்.

இந்த விலைச்சரிவை விதிப்புத்தகம் சொல்லாது. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்தான் கொண்டுவர வேண்டும். டிராகனை முடித்துவிட்டு ஜம்மென்று திரும்பும் குழுவை அதே பெரியவர் ஊர் எல்லையிலேயே மறிக்கட்டும். "இந்த வருஷம் மந்திரம் வேண்டாம் சாமி. போன வருஷத்துக் கோதுமையே நனைஞ்சு முளைச்சுக் கிடக்கு. முதல்ல களஞ்சியம் கட்ட வழி பண்ணுங்க" என்று சொல்லட்டும்.

களஞ்சியம் கட்ட மரம் வேண்டும். அதற்கு வெட்ட வேண்டியது, அந்த ட்ரூயிட் காவல் காக்கும் காட்டை.