தீக்குச்சியும் ஒரு கருவியே

புணே மாநகரை ஒட்டிய வாகட் பகுதியில் வானுயர்ந்த குடியிருப்புகள் நிறைந்துள்ளன. அருகிலுள்ள ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் பல மாநில மக்கள் அங்கு வாழ்கின்றனர். தம் பிள்ளைகள் புதியன படைத்தல் வேண்டும் என்பது அப்பெற்றோரின் விருப்பம். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவை எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. அதற்குரிய சான்று அம்மாநகரிலேயே உள்ளது.

அரவிந்த் குப்தா, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர். புணேயில் டெல்கோ நிறுவனத்தில் பணியாற்றியவர். 1978ஆம் ஆண்டு விடுப்புப் பெற்று, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்திற்குச் சென்றார். அங்குள்ள சிற்றூர்ப் பள்ளிகளில், மாணவர்கள் தாமே செய்து கற்கும் அறிவியல் திட்டம் நடைபெற்று வந்தது. அதில் அவர் பயன்படுத்தியவை தீக்குச்சிகளும் மிதிவண்டி வால்வின் மெல்லிய ரப்பர்க் குழாயும் ஆகும். குழாய்த் துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகினால் சதுரமும் முக்கோணமும் உருவாகும். அழுத்தினால் சதுரம் சாயும், முக்கோணம் உருமாறாது. பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோண அமைப்பு இருப்பது ஏன் என்பதை மாணவர் தாமே உணர்வர்.

பின்னர், 2003 முதல் 2014 வரை புணேயின் அயூக்கா வானியல் மையத்திலுள்ள சிறுவர் அறிவியல் கூடத்தில் அவர் பணியாற்றினார். எறியப்பட்ட பொருள்களைக் கொண்டு அங்கு எண்ணற்ற அறிவியல் பொம்மைகள் உருவாயின. 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆய்வகங்களே வேண்டா என்பது இதன் பொருளன்று. அடல் புத்தாக்க ஆய்வகம் அமைக்க, தேர்வு பெறும் பள்ளிக்கு நடுவண் அரசு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. ஆனால், கருவிகள் பழுதாகும் என அஞ்சி ஆய்வகத்தைப் பூட்டி வைத்தால் அந்நிதியால் பயன் விளையாது. பிழை செய்யும் உரிமை மாணவர்க்கு வேண்டும்.

தேர்வு மதிப்பெண் குறையுமே எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. எனினும், முக்கோணத்தின் உறுதியைக் கையால் அறிந்தவர் அதனை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எனவே, பள்ளிகள் வாரத்தில் ஒரு பாடவேளையையேனும் மதிப்பெண் இல்லாச் செய்முறைக்கு ஒதுக்குதல் வேண்டும். குடியிருப்புகளில் உள்ள பொதுக்கூடங்களை இளைஞர் மன்றங்கள் விடுமுறை நாள்களில் பயன்படுத்தலாம். அங்குப் பழைய மின்விசிறியையும் பழுதான மிதிவண்டியையும் பிரித்துப் பார்க்க, மூத்த மாணவர் இளையோர்க்கு வழிகாட்டலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை; பெரியோரின் பொறுமையே தேவை.