பாவம், அந்தப் பிரேக்!

பத்திரிகைகளில் வரும் வாக்கியங்களில் ஒன்று எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை. "பிரேக் பிடிக்காததால் லாரி கட்டுப்பாட்டை இழந்து ஓடியது" என்பதுதான் அது. வாக்கியத்தின் எழுவாய் லாரி, குற்றவாளி பிரேக். மனிதன் ஒருவன்கூட இல்லை! இடி விழுந்தது, மழை பெய்தது என்பது போலப் பிரேக்கும் தானாகவே பிடிக்காமல் போய்விட்டதாம்.

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் போகிறவர்களுக்குத் தொப்பூர்க் கணவாய் தெரிந்திருக்கும். 2020 டிசம்பரில் அங்கே தேங்கி நின்ற வாகனங்களின்மேல் ஒரு பார லாரி வரிசையாக மோதிக்கொண்டு போயிற்று. நாலு பேர் மாண்டார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் ஒரு லாரி, மறுபடியும் நாலு உயிர். மலை மாறவில்லை; இறக்கம் அங்கேதான் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த இடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதை எதிர்பாராத விபத்து என்று எப்படிச் சொல்வது?

ஒரு கணக்குச் சொல்கிறேன். 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது அடக்கப்பட வேண்டிய சக்தி இருக்கிறதே, அதைச் சூடாக மாற்றினால் 80 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். கல்யாண வீட்டு அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த கியரில் இறங்கினால் இந்தச் சுமையில் ஒரு பெரும் பங்கை எஞ்ஜின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டாலோ அத்தனையும் பிரேக் டிரம்களின் தலையில் விழும். டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். அப்புறம் டிரைவர் மிதிக்கிறார், மிதிக்கிறார், மிதித்துக்கொண்டே இருக்கிறார்.

நியூட்ரல் எதற்காக? டீசல் மிச்சமாம்! வேடிக்கை என்னவென்றால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கும்போது எஞ்ஜினுக்குள் டீசல் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் அது அணைந்து போகாமலிருக்க டீசலைக் குடித்துக்கொண்டிருக்கும். சிலர் எஞ்ஜினையே நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். பிரேக்குக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரஸரும் அதோடு நின்றுவிடுகிறது. மிதிக்க மிதிக்க டாங்கியில் இருந்த காற்றும் காலி.

"டிரைவர்கள் திருந்தினால் சரியாகிவிடும்" என்று லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உபதேசம் செய்தார். நல்லது. டீசலுக்கு இவ்வளவுதான் என்று அளந்து பணம் கொடுத்துவிட்டு, மிச்சம் பிடித்தால் நீயே வைத்துக்கொள் என்கிற ஏற்பாட்டைச் செய்தது யார்? டிரைவரா? லைனிங் மாற்றக் கேட்டால் அடுத்த நடைக்குப் பார்க்கலாம் என்று சொன்னது யார்? இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 2018-ல் சர்க்கார் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்திக் கொடுத்தது. அது போதாதென்று அதற்கு மேலும் மூட்டை அடுக்கச் சொன்னது யார்? 2019-ல் திருத்திய சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. அபராதத்தையும் சேர்த்தே வாடகை பேசுகிற சாமர்த்தியசாலிகளை இந்தத் தொகையா தடுக்கும்?

தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். எட்டு வருஷம் ஆகாத லாரிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் அது. பரீட்சை நடப்பதோ பெரும்பாலும் காலி வண்டிக்கு, சமதரையில்! அங்கே எந்தப் பிரேக்தான் பிடிக்காது?

ஆகையால், அடுத்த தடவை செய்தி எழுதும் நிருபர்களுக்கு ஒரு விண்ணப்பம். லாரியில் எத்தனை டன் இருந்தது, எந்தக் கியரில் வந்தது, லைனிங் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். டிரைவரின் பெயரை வயதோடும் ஊரோடும் போடுகிறீர்கள் அல்லவா? லாரிக்குச் சொந்தக்காரரின் பெயரையும் அப்படியே, பக்கத்திலேயே போடுங்கள்.