வயரைப் பிடுங்கினால் சைரன் அடங்குமா?



எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் திருட்டு அலாரம், கரண்ட் போகும்போதெல்லாம் அலறுகிறது. "வயரைப் பிடுங்கிடலாம் சார்" என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. பழுது பார்க்க வந்தவரோ முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார். இரண்டுமே தப்பு.

வெளிச்சுவர்ப் பெட்டிக்குள் தனியாக ஒரு பேட்டரி இருக்கும். உள்ளேயுள்ள பேனலிலிருந்து வரும் மின்சாரம் நின்றால், திருடன் வயரை வெட்டிவிட்டான் என்று எடுத்துக்கொண்டு அது கத்தும். அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வயரைப் பிடுங்கினால் இன்னும்தான் கத்தும், தம்பி! கரண்ட் போனதும் கத்தினால், பெரும்பாலும் செத்திருப்பது பேனலின் 12 வோல்ட் பேட்டரி. நம்மூர் வெயிலுக்கு அது மூன்று நான்கு வருடம் உழைத்தாலே பெரிது. மழைக்கு மட்டும் கத்தினால், வயர் நுழையும் ஓட்டையையும் மூடிக்கு அடியிலுள்ள டாம்பர் சுவிட்சின் துருவையும் பாருங்கள். ஏணியில் ஏறுமுன் பேனலை சர்வீஸ் மோடில் போடுங்கள், காது பத்திரம்.

2019-இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. நம் பட்டறைக்காரர் எந்த லீவர் சிக்கியது என்று பார்ப்பாரா, பூட்டையே தூக்கி எறியச் சொல்வாரா?

நாலு வீடு தள்ளி ஓர் அக்கா தனியாக இருக்கிறார். அவர் வீட்டிலும் சைரன் உண்டு. தினமும் பொய்யாய் அலறும் தெருவில், அது நிஜமாகக் கத்தினால் யார் எட்டிப் பார்ப்பார்கள்?

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, ஊர் வீட்டில் பேட்டரி மாற்றி எத்தனை வருடமாயிற்று என்று இன்றே கேளுங்கள். சாவி ஒன்றை அடுத்த வீட்டில் கொடுத்து வையுங்கள்.