நடந்து கற்கும் நகரம்

நுழையும்முன்

சிறு வேலைகளுக்காக அன்றாடம் நடப்போரே நகரத்தை நெருக்கமாக அறிந்தவர்கள். ஆயினும், சாலைகளை வடிவமைக்கும்போது இறுதியாக நினைக்கப்படுபவர்களும் அவர்களே. மதுரை வீதிகளில் ஒருநாள் காலை நடந்த நடை, இம்முரணைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

வேலையும் வீதியும்

பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது எனக்கு மூன்று வேலைகள் இருந்தன. மகளின் கொலுசுக்குக் கொக்கி மாற்ற வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கு வாங்க வேண்டும். பொங்கலுக்குப் பருப்பும் வெல்லமும் வாங்க வேண்டும். எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் உடன் வந்தார். "ஆட்டோ பிடிக்கட்டுமா அம்மா?" என்றேன். "நாலு கடை பார்த்து வாங்கணும்ப்பா. ஆட்டோவுல போனா கடையா கண்ணுக்குத் தெரியும்?" என்றார்.

அவர் கூறியது உண்மையே. மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாக விரிகின்றன. நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, பாத்திரத்திற்கு வெண்கலக் கடைத் தெரு, மளிகைக்குக் கீழ மாசி வீதி எனப் பொருளுக்கொரு வீதி உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையைச் சுற்றிவரும் கோவலனும் மணி, பொன், துணி, கூலம் ஆகியவற்றிற்குத் தனித்தனி வீதிகளைக் காண்கிறான். கொலுசைக் கையிலேந்தி நகைக்கடை வீதியில் நடந்தபோது, சிலம்பை விற்க வந்த அவன் என் நினைவில் எழுந்தான்.

மதில் வழிவிட்ட நகரம்

விளக்குத்தூணை அடைந்தோம். 19ஆம் நூற்றாண்டில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்டது அது. அவர் காலத்தில்தான் கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளிவீதிகள் உருவாயின. மக்கள் நடமாட மதிலையே அகற்றிய நகரம் இது. இன்றோ வாகனங்களே மதிலாக நிற்கின்றன.

கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. அங்கே தாயார் என் கையைப் பற்றாமலே நடந்தார். தாம் புதுமணப்பெண்ணாக வந்த நாளில் வளையல் வாங்கிய கதையைச் சொன்னார். கீழ மாசி வீதியிலோ சரக்கு வண்டிகளும் இருசக்கர வாகனங்களும் ஓரத்தை அடைத்திருந்தன. நடுச்சாலையில் இறங்கி நடந்தோம். பின்னால் வந்த வண்டியின் கைப்பிடி அவருடைய பையில் மாட்டியது. அவரைத் தாங்கிப் பிடித்தேன். வெல்லம் சாலையில் சிதறியது. சற்று நேரம் பேசாதிருந்தவர், "அடுத்த தடவை நீ மட்டும் போயிட்டு வாப்பா" என்றார்.

சிதறிய வெல்லத்தை மீண்டும் வாங்கலாம். தம் நகரத்தில் நடக்க அஞ்சி ஒருவர் வீட்டுக்குள் ஒடுங்குவதை எவ்வாறு ஈடுசெய்வது?

நடப்பது உரிமை

தெருவோர வணிகரை அகற்றினால் போதும் என்பர் சிலர். அதனை ஏற்க இயலாது. அவர்களுடைய வாழ்வாதாரத்தைக் காக்க 2014ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. மேலும், ஒரு பூக்கூடை கொள்ளும் இடத்தைவிட நிறுத்தப்பட்ட ஒரு மகிழுந்து கொள்ளும் இடம் பன்மடங்கு மிகுதி.

இந்தியச் சாலைகள் பேராயத்தின் வழிகாட்டுதல்படி, நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருத்தல் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அது போதும். பழைய வீதிகள் குறுகியவை. அங்கே இதற்கு இடமேது என்று கேட்கலாம். வீதியை அகலமாக்க வேண்டியதில்லை. சரக்கு இறக்க அதிகாலையை ஒதுக்கலாம். வாகன நிறுத்தத்தைக் கடைவீதிக்கு வெளியே அமைக்கலாம். நெரிசல் நேரத்தில் வாகனங்களைத் தடுக்கலாம். சித்திரை வீதிகளில் இயன்றது, மாசி வீதிகளிலும் பகலில் சில மணி நேரமேனும் இயலும்.

ஒரு நகரம் தன் மக்களை எவ்வளவு மதிக்கிறது என்பதை அதன் மேம்பாலங்களைக் கொண்டு அளக்க வேண்டியதில்லை. கையில் பையுடன் ஒரு மூதாட்டி அச்சமின்றிக் கடைக்குச் சென்று திரும்ப முடிகிறதா என்று பார்த்தால் போதும்.